இறங்கத் தெரிந்த கால்

காலை நேரம் கண்டி வாவிக்கரையில் நடப்பவர்களைப் பார்த்தால், ஊரில் பாதிப்பேர் உடம்பைக் கவனிக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று சந்தோஷமாக இருக்கும். ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807 இல் அமைத்த வாவி அது. சுற்றிவர மூன்று கிலோமீற்றருக்குச் சற்று அதிகமான பாதை. மேடு பள்ளம் இல்லை, மர நிழல் உண்டு. ஆனால் நடந்து முடித்த அதே ஆட்கள், தங்கள் வீட்டுக்கு இறங்கும் படிக்கட்டின் உச்சியில் நின்று முச்சக்கர வண்டிக்குக் கை காட்டுவதையும் பார்க்கிறேன். கேட்டால், “ஏறுறது பரவாயில்ல டீச்சர், இறங்கும்போதுதான் முழங்கால் நோகுது” என்கிறார்கள். கண்டியில் தட்டையான நிலம் என்பது வாவிக்கரையும் நகரின் நடுவில் நாலைந்து தெருக்களும்தான். மீதி ஊர் முழுக்க ஏற்றமும் இறக்கமும். அந்த ஊரில் இறங்குவதற்குக் கால் ஒத்துழைக்கவில்லை என்றால் வாழ்க்கை வீட்டு வாசலோடு சுருங்கிவிடும்.

நான் உடற்கல்வி ஆசிரியை. பாடசாலை விட்டபிறகு மாலையில் இரண்டு கூட்டத்தாருக்குப் பயிற்சி கொடுக்கிறேன். ஒரு கூட்டம் ஜிம்முக்குப் போகும் இளைஞர்கள். அவர்கள் கைப்பேசியில் வீடியோ ஒன்றைக் காட்டி, இதைப் பழக்கித் தாருங்கள் என்று வருகிறார்கள்: ஒரு காலை நேராக முன்னால் நீட்டி, மற்றக் காலில் மட்டும் தரை வரைக்கும் குந்தி, கை ஊன்றாமல் எழும்புகிற ‘பிஸ்டல் ஸ்குவாட்’. மற்றக் கூட்டம் ஐம்பது வயது தாண்டிய அம்மாமார். அவர்களுக்கு வேண்டியது படி இறங்குவது மட்டுந்தான். இரண்டும் வெவ்வேறு தேவை போலத் தெரியும். எனக்கோ இரண்டும் ஒரே ஏணியின் மேற்படியும் கீழ்ப்படியும். படி இறங்கும் ஒவ்வொரு முறையும் மேலே நிற்கும் கால், தன்னந்தனியாக, பாதி அளவு குந்திக்கொண்டுதான் உடம்பைக் கீழே விடுகிறது.

ஒற்றைக்காலில் குந்தி எழும்புவது ஏன் இவ்வளவு கடினம் என்பதைக் கணக்காகப் போட்டுக் காட்டினால் இளைஞர்களுக்கு உடனே விளங்குகிறது. 60 கிலோ எடையுள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். குந்தி எழும்பும்போது முழங்காலுக்குக் கீழுள்ள பகுதி நிலத்தில் ஊன்றியபடி இருக்கும். அதைத் தூக்க வேண்டியதில்லை. பாதத்தோடு சேர்த்து அந்தப் பகுதி ஒரு காலுக்கு உடல் எடையில் நூற்றுக்கு 6 பங்கு அளவில் வரும், அதாவது 3.6 கிலோ. இரண்டு காலுக்கும் கழித்தால் மீதி 52.8 கிலோ. இரண்டு கால்களும் அதைப் பங்கு போட்டுக்கொண்டால் ஆளுக்கு 26.4. இனி ஒரு காலை நிலத்திலிருந்து எடுத்துவிடுங்கள். ஊன்றிய காலின் கீழ்ப்பகுதியை மட்டுமே கழிக்கலாம். மீதி 56.4 கிலோவும் ஒரே காலுக்கு. இரண்டு மடங்கைவிடக் கூடுதல். இரண்டு காலில் குந்துகிறவருக்கு இதே சுமை வரவேண்டுமானால், தன் எடைக்குச் சமமான இன்னொருவரைத் தோளில் ஏற்றிக்கொண்டு குந்தி எழும்ப வேண்டும். எந்த எடைக்குக் கணக்குப் போட்டாலும் இதே விடைதான் வரும்.

சரி, பலம் போதவில்லை என்பதுதான் பிரச்சினை என்றால், தோளில் பாரம் வைத்துக் குந்திப் பழகினால் போதும். ஆனால் அது போதுவதில்லை. தன் எடையைவிடக் கூடிய பாரத்தைத் தோளில் வைத்து லேசாகக் குந்தி எழும்பும் பையன் ஒருவன், வெறும் உடம்போடு ஒற்றைக்காலில் பாதி தூரம் போவதற்குள் பக்கவாட்டில் சாய்ந்து விழுவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். தொடையில் குறை இல்லை. குறை இடுப்பின் பக்கத்தில்.

காற்சட்டைப் பொக்கற்றுக்குச் சற்று மேலே, இடுப்பெலும்புக்குக் கீழே உள்ளங்கையை வைத்துக்கொண்டு மற்றப் பக்கக் காலைத் தூக்கிப் பாருங்கள். ஊன்றிய பக்கத்தில் ஒரு தசை இறுகுவது கைக்குத் தெரியும். இடுப்பு சரியாமல் பிடித்து வைத்திருப்பது அதுதான். அது தளர்ந்தவர்கள் ஒற்றைக்காலில் நின்றால், தூக்கிய காலின் பக்கம் இடுப்பு கீழே இறங்கிவிடும். ஜெர்மன் அறுவை மருத்துவர் ஃபிரீட்ரிக் டிரெண்டலென்பர்க் 1895 இல் இதை எழுதி வைத்தார். இன்றைக்கும் எலும்பு மருத்துவர்கள் நோயாளியை ஒற்றைக்காலில் நிறுத்தி இதைத்தான் பார்க்கிறார்கள். இந்தத் தசை மூட்டுக்கு மிகவும் பக்கத்தில் நின்று இழுக்கிறது. உடம்பின் பாரமோ தள்ளி நின்று கீழே இழுக்கிறது. அதனால் அசையாமல் ஒற்றைக்காலில் நிற்கும்போதே இடுப்பு மூட்டில் உடல் எடையைப்போல் இரண்டு மடங்கைத் தாண்டிய விசை விழுகிறது. நாம் நடக்கும்போது ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு நேரம் ஒரு கால்தான் நிலத்தில் இருக்கிறது என்பதை நினைத்தால், இந்தச் சின்னத் தசைக்கு எவ்வளவு வேலை என்று விளங்கும்.

அது அசந்தால் அடுத்ததாக அடிபடுவது முழங்கால். இடுப்பு சரியும்போது தொடை உள்பக்கம் திரும்பும். முழங்கால் பெருவிரலையும் தாண்டி உள்ளே சாயும். முழங்காற் சிரட்டை தன் தடத்தைவிட்டு உரசும். முழங்கால் நோகிறது என்று வருகிறவர்களை நான் முதலில் கண்ணாடிக்கு முன்னால் ஒற்றைக்காலில் நிறுத்திக் கொஞ்சமாகக் குந்தச் சொல்வது அதற்காகத்தான். முழங்கால் இரண்டாவது விரலுக்கு நேராகப் போகிறதா, உள்ளே விழுகிறதா? உள்ளே விழுந்தால் பிஸ்டல் பற்றிய பேச்சு அங்கே நிற்கும். ஒருக்களித்துப் படுத்து மேற்காலைச் சற்றுப் பின்னால் வைத்துத் தூக்கி இறக்குவது, முழங்காலுக்கு மேலே ரப்பர் பட்டி மாட்டிக்கொண்டு பக்கவாட்டில் நடப்பது, இவைதான் சில வாரங்களுக்கு வேலை. இளைஞர்களுக்கு இது பிடிப்பதில்லை. வீடியோவில் இது வருவதில்லையே.

சமநிலை என்பது தனிக்கதை. உடம்பு நிமிர்ந்து நிற்கிறதா என்ற செய்தி மூளைக்கு மூன்று வழியாகப் போகிறது: கண், உட்காது, பிறகு பாதத்திலும் கணுக்காலிலும் தசைகளிலும் உள்ள உணர்வு நரம்புகள். உட்காதில் மூன்று அரைவட்டக் குழாய்கள் உண்டு. தலை திரும்பும் திசையை அவற்றிலுள்ள திரவத்தின் அசைவு சொல்லிவிடும். சுவரோரமாக ஒற்றைக்காலில் நின்று கண்ணை மூடுங்கள். ஒரு செய்தி அறுந்த உடனே கணுக்கால் படபடவென்று ஆடத் தொடங்கும். அந்த ஆட்டத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மீதி இரண்டு வழியையும் மூளை கவனமாகக் கேட்கத் தொடங்கிவிட்டது என்பதுதான் அதன் பொருள். பழகப் பழக ஆட்டம் சிறிதாகும். தடித்த மெத்தை போட்ட சப்பாத்துக்குள் இருக்கும் பாதம் நிலத்தைச் சரியாக உணராது; எனவே என் வகுப்பில் சமநிலைப் பயிற்சி எப்போதும் வெறுங்காலில். பெருவிரலின் அடி, சின்னவிரலின் அடி, குதிகால் என்ற மூன்று இடத்திலும் பாரம் சமமாக இருக்க வேண்டும். அதைச் சொல்லிக் கொடுத்தவுடனேயே பலருக்குப் பாதி ஆட்டம் நின்றுவிடுகிறது.

வெறுங்காலின் அறிவுக்கு இந்த ஊரிலேயே சாட்சி இருக்கிறது. எசல பெரஹரா ஊர்வலத்தில் கண்டிய நடனக் கலைஞர்கள் சலங்கை கட்டி, தார் வீதியில் வெறுங்காலோடு மணிக்கணக்காக ஆடிக்கொண்டு போவதை ஆண்டுதோறும் பார்க்கிறோம். அந்த நடனத்தின் அடிப்படை நிலை ‘மண்டிய’. பாதங்களை அகட்டி, முழங்கால்களை வெளிப்பக்கம் மடித்து, முதுகை நேராக வைத்த அரைக்குந்தல். பிள்ளைகள் முதலில் பழகுவது அந்த நிலையில் நின்று செய்யும் காற்பயிற்சிகளைத்தான், வண்ணம் எனும் ஆடல்களெல்லாம் பிறகு. நம் பரதத்திலும் அரைமண்டியில் நின்று தட்டடவு பழகுகிறார்களே, அதைக் காலின் கண்ணால் பாருங்கள். ஒரு பாதம் எழும்பித் தட்டும் நேரமெல்லாம் மற்றக் கால், பாதி மடிந்த நிலையில், முழு உடம்பையும் தனியாகத் தாங்குகிறது. மூன்று காலத்திலும் தட்டடவு போடும் சிறுமி ஒரு வகுப்பில் எத்தனை முறை ஒற்றைக்காலில் பாரத்தை மாற்றியிருப்பாள்! என்னிடம் வரும் பிள்ளைகளில் பிஸ்டல் ஸ்குவாட்டை மற்றவர்களுக்கு முன் பிடித்துவிடுவது பெரும்பாலும் நடனம் பழகிய பெண் பிள்ளைகள்தான். தசைப் பருமன் குறைவாக இருக்கும். முழங்கால் எங்கே போகிறது என்பது அவர்களுக்குப் பார்க்காமலேயே தெரியும்.

இன்னொரு தடை கணுக்கால். முழுதாகக் குந்தும்போது குதிகால் நிலத்தை விடாமல், முழங்கால் விரல்களைத் தாண்டி முன்னால் போக வேண்டும். கெண்டைத்தசை இறுகியவர்களுக்கு அது போகாது. குதிகால் தூக்கும், இல்லையென்றால் ஆள் பின்னால் விழுவார். சுவருக்கு முன்னால் நின்று, பெருவிரலைச் சுவரிலிருந்து 10 சென்ரிமீற்றர் தள்ளி வைத்து, குதிகால் தூக்காமல் முழங்காலால் சுவரைத் தொட முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் அந்தக் கணுக்காலுக்கு நாள்தோறும் சில நிமிடம் வேலை கொடுக்க வேண்டும். முன்பெல்லாம் அம்மியும் அடுப்பும் நிலத்தில் இருந்தன, கக்கூசும் குந்தும் வகைதான். இன்று எல்லாமே கதிரை உயரத்துக்கு வந்துவிட்டது. கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலில் தோப்புக்கரணம் போடுகிறவர்களைக் கவனித்தால் வயது வித்தியாசம் தெரியும்: மூத்தவர்கள் சிலர் இன்றும் குதிகால் ஊன்றி அடிவரை இறங்குகிறார்கள், இளையவர்கள் காதைப் பிடித்துக்கொண்டு முழங்காலை லேசாக மடக்குவதோடு சரி. இரண்டு காலில் அடிவரை குந்தி, கொஞ்ச நேரம் வசதியாக அங்கேயே இருந்து எழும்ப முடியாத ஒருவருக்கு பிஸ்டல் பயிற்சியை நான் தொடங்குவதில்லை. தோப்புக்கரணத்தை ஒழுங்காகப் போடுங்கள், காதைப் பிடித்தோ பிடிக்காமலோ.

இனி இறக்கம். நான் சொல்ல வந்ததே இதைத்தான்.

தசை இரண்டு விதமாக வேலை செய்கிறது. சுருங்கிக்கொண்டே பாரத்தைத் தூக்குவது ஒன்று. நீண்டுகொண்டே, பாரத்தைப் பிடித்து மெல்லக் கீழே விடுவது மற்றது. ஒரு தசையால் எவ்வளவு தூக்க முடியுமோ அதைவிடக் கூடுதலான பாரத்தை அதனால் பிடித்து இறக்க முடியும். எழும்ப முடியாதவராலும் மெதுவாக இறங்க முடிவது இதனால்தான். எழும்பும் பலத்தை இறங்கியே சம்பாதித்துக்கொள்ளலாம். ஆனால் பழக்கமில்லாத இறக்கம் தசைநார்களை நுண்ணியதாகக் குலைக்கும். ஹந்தானை மலைக்குப் போய்வந்தவர்களைக் கேளுங்கள். கண்டி நகரம் 500 மீற்றர் உயரத்தை ஒட்டி இருக்கிறது; ஹந்தானைச் சிகரங்கள் ஆயிரத்தைத் தாண்டுகின்றன. ஏறியபோது மூச்சு வாங்கியிருக்கும், தொடை நொந்திருக்காது. இறங்கி வீட்டுக்கு வந்து மறுநாளும் அதற்கடுத்த நாளும்தான் கட்டிலிலிருந்து எழும்ப முடியாமல் தொடை கட்டிப் போயிருக்கும். 500 மீற்றர் இறக்கத்தை அடிக்கு 20 சென்ரிமீற்றர் என்று பிரித்தால் 2,500 அடி. ஒரு காலுக்கு 1,250 அரைக்குந்தல், அதுவும் ஒற்றைக்காலில். எந்த ஜிம்மில் யார் செய்கிறார்கள் அவ்வளவு?

என் பெரியம்மா கலஹா பக்கத் தோட்டமொன்றில் கொழுந்து எடுத்தவர். கண்டி மாவட்டத்து லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 1867 இல் 19 ஏக்கரில் தேயிலை நட்ட காலத்திலிருந்து, இந்தச் சரிவுகளில் நம் சனங்களின் கால்கள் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கின்றன. ஈரமான சரிவில், தலையில் கொழுந்துச் சாக்கோடு பெரியம்மா இறங்கியதைச் சின்ன வயதில் பின்னால் நடந்து பார்த்திருக்கிறேன். கீழ்க்காலைச் சற்றுப் பக்கவாட்டாகத் திருப்பி வைப்பார். மேற்கால் மடிந்து, உடம்பு முழுவதையும் பிடித்தபடி நிற்கும். கீழ்க்காலுக்கு நிலம் உறுதி என்று தெரிந்த பிறகுதான் பாரம் அதற்கு மாறும். நான் தடதடவென்று ஓடினால் திட்டுவார். “ஏறுறதுக்கு மூச்சு வேணும் புள்ள, எறங்குறதுக்குத்தான் காலு வேணும். காலு மேல நிக்காம கீழ விழுந்துகிட்டே போற நீ.” உடற்கல்வி டிப்ளோமாவில் பிறகு நான் படித்தவற்றில் இதைவிடச் சரியாக இறங்குதலை விளக்கிய வரி இல்லை. படி இறங்குகிறவர்களில் பெரும்பாலானவர்கள் இறங்குவதில்லை, ஒவ்வொரு படியிலும் விழுந்து கீழ்க்காலால் தாங்கிக்கொள்கிறார்கள். முழங்கால் நோவது அந்த விழுகையால்.

ஆகவே என் வகுப்பில் எல்லோருக்கும் முதல் பாடம் இதுதான். உள்ளங்கை உயரப் பலகையொன்றில், 10 சென்ரிமீற்றர் போதும், ஒரு காலில் நிற்க வேண்டும். மற்றக் காலை முன்னால் தொங்கவிட்டு, ஒன்று இரண்டு மூன்று நான்கு என்று எண்ணும் நேரம் எடுத்து, குதிகால் நிலத்தைத் தொடும்வரை இறங்க வேண்டும். தொடலாம், ஊன்றக்கூடாது. பிறகு மேற்காலாலேயே எழும்ப வேண்டும். சுவரிலோ கதிரை முதுகிலோ ஒரு விரலை வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு காலுக்கும் எட்டு முறை ஆட்டமில்லாமல், முழங்கால் உள்ளே விழாமல் வந்தால், பலகை உயரம் கூடும். வீட்டுப் படி ஒன்று 15 முதல் 18 சென்ரிமீற்றர் இருக்கும். அது இரண்டாம் கட்டம். அம்மாமாருக்கு இதற்கு மேல் தேவையே இல்லை. வாரத்தில் மூன்று நாள், நடுவில் ஒருநாள் விட்டு.

இளைஞர்களின் பாதை அங்கிருந்து தொடர்கிறது. கதிரையில் ஒற்றைக்காலில் மெதுவாக உட்கார்ந்து, அதே காலில் எழும்புவது அடுத்தது. கதிரை 45 சென்ரிமீற்றர் அளவு உயரம். அது சுலபமானதும் வாங்கு, பிறகு முக்காலி, பிறகு அடுக்கிய பலகைகள் என்று இருக்கை தாழ்ந்துகொண்டே போகும். பொத்தென்று விழுந்து உட்காரக்கூடாது; தாள் ஒன்றை வைத்தால் கசங்காத மாதிரி உட்கார வேண்டும். கையில் இரண்டு மூன்று கிலோ பாரத்தை நெஞ்சுக்கு நேரே முன்னால் நீட்டிப் பிடிக்கச் சொன்னால் பையன்கள் என்னை விசித்திரமாகப் பார்க்கிறார்கள். “பாரம் வச்சா இன்னும் கஷ்டமாத்தானே டீச்சர் இருக்கும்?” செய்து பார்த்தால் சுலபமாக இருக்கும். குந்தும்போது இடுப்பு பின்னால் போகிறது. முன்னால் நீட்டிய பாரம் உடம்பின் மையத்தைப் பாதத்துக்கு நேரே கொண்டுவந்துவிடுகிறது. ஓர் அரிசிப் பொதியே போதும். பழகியபின் பாரத்தைக் குறைத்துக் குறைத்து வெறுங்கைக்கு வரலாம். முன்னால் நீட்டிய காலின் தொடை பிடித்துக்கொள்கிறது என்பவர்கள், நிலத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, கையைத் தொடைக்கு இருபுறமும் ஊன்றி, ஒவ்வொரு காலாகத் தூக்கி இறக்க வேண்டும். அந்தப் பிடிப்பு சில வாரத்தில் போய்விடும்.

முதல் பிஸ்டல் வந்துவிட்டது என்பதும் கடும் பயிற்சிக்குள் அதைச் சேர்க்கலாம் என்பதும் வெவ்வேறு விஷயங்கள். இங்குள்ள பிள்ளைகள் இப்போது கிராஸ்ஃபிட் பயிற்சிகளை இணையத்தில் பார்த்துச் செய்கிறார்கள். அதில் ‘மேரி’ என்று பேர் போன ஒன்று உண்டு: தலைகீழாக நின்று 5 தண்டால், 10 ஒற்றைக்கால் குந்தல், 15 புல்-அப், 20 நிமிடத்தில் முடிந்த அளவு சுற்று. பத்துச் சுற்று ஓடினால் ஒரு காலுக்கு 50 பிஸ்டல். தனியாக, ஓய்வாக, ஐந்து செய்யக்கூடிய ஒருவன் அதற்குள் இறங்கினால் என்ன ஆகும்? களைப்பு முதலில் சமநிலையைத் தின்னும், பலத்தை அல்ல. இதயம் அடித்துக்கொள்ளும்போது இடுப்பின் பக்கத்தசை தாமதமாக விழித்துக்கொள்கிறது. முழங்கால் உள்ளே விழுகிறது. அடியில் போய்த் துள்ளி எழும்பத் தொடங்குகிறான். அந்தத் துள்ளலின் விலையைச் சிரட்டைக்குக் கீழேயுள்ள தசைநாண் கொடுக்கிறது. தசை சில வாரத்தில் பலம் பெறும். தசைநாணுக்கு மாதங்கள் வேண்டும். அதனால் நான் வைத்திருக்கும் அளவுகோல் கடுமையானது: முழங்கால் உயரப் பெட்டியிலும் அதற்குக் கீழான பெட்டியிலும், நான்கு எண்ணி இறங்கும் வேகத்தில், இரு காலாலும் பத்துப் பத்து. பிறகு ஒரு மாடி படியேறிவிட்டு உடனே வந்து அதே பத்து. இரண்டாம் முறையும் முழங்கால் நேராகப் போனால்தான் நேரம் குறித்த பயிற்சியில் சேர்க்கலாம். அப்போதும் கால் மாற்றி மாற்றி, ஒவ்வொன்றாக. முடியாத சுற்றில் பெட்டியில் உட்கார்ந்து எழும்பிக் கணக்கை முடிக்கலாம். அதில் எந்த வெட்கமும் இல்லை. பயிற்சி எப்போதும் பலம் குறைந்த காலில் தொடங்க வேண்டும். அது எத்தனை செய்ததோ அத்தனைதான் மற்றக் காலுக்கும்.

இவ்வளவு பாடுபட்டு ஒற்றைக்கால் பலம் எதற்கு என்று ஒரு பையன் கேட்டான். விளையாட்டில் எது இரண்டு காலில் நடக்கிறது என்று திருப்பிக் கேட்டேன். ஓடும்போது ஒரு கணமும் இரண்டு காலும் சேர்ந்து நிலத்தில் இல்லை. நித்தவெல மைதானத்தில் றகர் ஆடுகிறவன் ஆளைத் தவிர்க்க வெட்டித் திரும்புவது ஒரு காலில். வேகப்பந்து வீச்சாளரின் முன்காலில் உடல் எடையைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் விழுகிறது. யாழ்ப்பாணத்து நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1958 இல் டோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் 2.03 மீற்றர் உயரம் பாய்ந்து இலங்கைக்கு முதல் ஆசியத் தங்கத்தைக் கொண்டுவந்தாரே, உயரம் பாய்தலின் விதியே ஒற்றைக்காலால் நிலத்தை உதைத்து எழும்ப வேண்டும் என்பதுதான். அந்தக் கடைசி அடியில் கால் மடிந்து, ஓடிவந்த வேகத்தையெல்லாம் பிடித்து நிறுத்தி மேலே திருப்பிவிடுகிறது. அங்கேயும் முதலில் பிடிக்கத் தெரிய வேண்டும்.

அம்மாமாருக்கு நான் சொல்லும் காரணம் வேறு. பிரேசிலின் றியோ டி ஜெனிரோவில் மருத்துவர் கிளாடியோ கில் அராவுஜோவும் குழுவினரும் 51 முதல் 75 வயது வரையான 1,702 பேரை ஒற்றைக்காலில் 10 விநாடி நிற்கச் சொன்னார்கள். ஐந்தில் ஒருவரால் முடியவில்லை. ஏழு ஆண்டளவு தொடர்ந்து கவனித்ததில், நிற்க முடியாதவர்கள் இறந்துபோகும் அபாயம், வயதையும் மற்ற நோய்களையும் கணக்கில் எடுத்த பிறகும், 84 சதவீதம் கூடுதலாக இருந்தது. 2022 இல் வெளிவந்தது அந்த ஆய்வு. ஒற்றைக்காலில் நின்றால் ஆயுள் கூடும் என்று அதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். நிற்க முடியாமை என்பது உடம்புக்குள் பல விஷயங்கள் தளர்ந்துவிட்டதற்கான அடையாளம். ஆனால் விழுவது என்பது நேரடியான ஆபத்து. மழைக்காலத்தில் பாசி படிந்த கண்டிப் படிக்கட்டுகளில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்து படுக்கையானவர்களை எல்லாக் குடும்பத்துக்கும் தெரியும். அடுப்படி மேடையைப் பிடித்துக்கொண்டு, தேநீர் கொதிக்கும்வரை ஒவ்வொரு காலாக நில்லுங்கள் என்கிறேன். பிடி தளரத் தளர இரண்டு விரல், பிறகு ஒரு விரல். தலைச்சுற்று உள்ளவர்களும், மூட்டு வீங்கியவர்களும், முழங்கால் பூட்டிக்கொள்கிறவர்களும் இயன்மருத்துவரைப் பார்த்த பிறகே தொடங்க வேண்டும். மறுநாள் தொடை வலிக்கலாம். முழங்காலுக்குள்ளே நோவு வந்து மறுநாளும் தொடர்ந்தால் பலகை உயரம் அதிகம் என்று அர்த்தம். ஒரு படி தாழ்த்துங்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. இறக்கம் காலுக்குப் பலம் என்றால், ஆயுள் முழுக்க இறங்கிய பெரியம்மாவின் முழங்கால்தானே இந்த மாவட்டத்திலேயே வலுவாக இருந்திருக்க வேண்டும்? அறுபது வயதில் அவரால் லயத்துப் படியில் இறங்க முடியவில்லை. அவரோடு நிரை பிடித்துக் கொழுந்தெடுத்த பல பெண்களும் அப்படியே. பயிற்சி பலமாக மாறுவது பயிற்சி நேரத்தில் அல்ல. குலைந்த தசைநார் தூக்கத்திலும் ஓய்வு நாளிலும், பருப்பும் முட்டையும் மீனும் போன்ற புரதம் கிடைக்கும்போதும்தான் முன்பைவிடத் தடித்து வளர்கிறது. நான் வகுப்பில் எட்டு முறை இறங்கச் சொல்லி ஒருநாள் ஓய்வு கொடுக்கிறேன். கொழுந்து எடுக்கும் பெண்ணுக்கு மழையிலும் அட்டைக்கடியிலும் ஆயிரக்கணக்கான அடிகள், தலையில் சுமை. குறித்த நிறை வராவிட்டால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான், என்ற பயம். இரவில் ரொட்டியும் சம்பலும். காலையில் மறுபடி மலை. அதே இறக்கம்தான். எனக்கு அது பலம் கொடுத்தது, அவருக்கு மூட்டைத் தேய்த்தது. தோட்டத்துப் பெண்களுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க வாருங்கள் என்று என்னைக் கூப்பிடும்போதெல்லாம் முதலில் நான் கேட்பது, நிறுக்கும் இடத்தை மலைக்குப் பக்கத்தில் கொண்டுவர முடியுமா, சாக்கை அடிக்கடி காலி செய்ய விடுவீர்களா, பிடிப்புள்ள சப்பாத்து கொடுப்பீர்களா என்றுதான். இவை கிடைத்த பிறகு பலகையை எடுத்துக்கொண்டு நான் வருவேன்.

பாடசாலையில் ஆறாம் தரத்திலேயே இந்த இறங்கும் பாடத்தைத் தொடங்கியிருக்கிறேன். கெந்தித் தொட்டு விளையாடும் வயது அது. ஒற்றைக்கால் அவர்களுக்குப் பாரமில்லை. உடற்கல்விப் பாடவேளையில் மைதானத்துக்குப் போகும் படிக்கட்டிலேயே பத்து நிமிடம். ஏறுவதற்கு விதி இல்லை, ஓடி ஏறலாம். இறங்கும்போது சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு படிக்கும் நான்கு எண்ணி, சத்தம் வராமல் பாதத்தை வைக்க வேண்டும். ‘தொப்’ என்று யாருடைய கால் சத்தம் போடுகிறதோ அவர் அந்தப் படியை மறுபடி செய்வார். எண்ணுவதும் சத்தத்தைக் கண்டுபிடிப்பதும் பிள்ளைகளின் பொறுப்பு. அவர்கள் என்னைவிடக் கண்டிப்பாக இருக்கிறார்கள்.